வசந்தமணி அக்காவின் ஒன்பது தொட்டிகள்

அக்டோபர் 19, சனி

வெண்பாவின் அட்டவணையில் இன்று ஒன்பது புதுக் கட்டங்கள் சேர்த்தேன். ஏற்கெனவே பால், கூழ், தண்ணீர், தூக்கம், டயபர், தும்மல் என்று ஆறு கட்டங்கள் இருக்கின்றன. தும்மலை எதற்குக் குறிக்கிறாய் என்று கோகுல் கேட்கிறார். எட்டு மாதக் குழந்தையின் அப்பா கேட்கிற கேள்வியா இது?

புதுக் கட்டங்கள் செடிகளுக்கு. தரைத்தளத்து வசந்தமணி அக்கா, அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் என்று ஐந்து வாரம் தாராபுரம் போகிறார். வேலைக்குப் போகிற அம்மாக்களின் குழந்தைகளைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர். ஐந்து பேருக்கு மேல் சேர்ப்பதில்லை. டிசம்பரில் ஒரு குழந்தையின் குடும்பம் ஊர் மாறிப் போகிறது. ஒரே ஒரு இடம். டிசம்பர் 2 லீவு முடிந்து எனக்கு ஆபீஸ். அந்த இடம் கிடைக்காவிட்டால் மெயின் ரோட்டில் இருக்கிற பெரிய காப்பகம்தான். நாற்பது குழந்தைகள். போய்ப் பார்த்தேன், சட்டையில் நம்பர் குத்தியிருக்கிறார்கள்.

"அக்கா, வெண்பாவுக்கு அந்த இடம்..." என்று இழுத்தேன்.

"போயிட்டு வந்து சொல்றேன் கண்ணு. அதுவரைக்கும் இவங்கள நீ பாத்துக்க. உன்ற ஜன்னல்லதான் நல்ல வெயிலு."

இவங்க என்றால் ஒன்பது தொட்டிகள். எல்லாம் தண்ணீரை உடம்பிலேயே சேர்த்துவைக்கும் சதைப்பற்றுச் செடிகள். அக்கா வளர்த்த ஒவ்வொரு குழந்தையின் பேரிலும், சேர்ந்த அன்றைக்கே வைத்தது ஒன்று. தொட்டியில் மார்க்கரில் பெயர் எழுதியிருக்கிறது. மூத்தவன் அகிலன்: ஜேட் செடி, பன்னிரண்டு வயது, அடித்தண்டு என் மணிக்கட்டுப் பருமன், குட்டி மரம் மாதிரி. கூடவே ஒரு துண்டுச் சீட்டு: "ஞாயித்துக்கிழமை மட்டும், ஆளுக்கு அரை டம்ளர். மொதல்ல மண்ணத் தொட்டுப் பாரு. ஈரமா இருந்தா கையக் கட்டிட்டு சும்மா இரு."

இது பரீட்சை. அக்கா சொல்லவில்லை, ஆனால் எனக்குத் தெரியாதா?

அக்டோபர் 20, ஞாயிறு

அரை டம்ளர். மருந்து அளக்கிற மூடியால் அளந்து ஊற்றினேன். தரையில் வழிந்து வெண்பா வழுக்கிவிடக் கூடாது என்று ஒவ்வொரு தொட்டிக்கும் அடியில் ஒரு பிளாஸ்டிக் தட்டு வைத்தேன். (வெண்பா இன்னும் தவழவே ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்துவிட்டால்?)

வெண்பா: தண்ணீர் ஆறு முறை கொடுத்தேன், தலா மூன்று ஸ்பூன் குடித்தாள். மீதியைத் துப்புகிறாள். அவளுடைய வெள்ளித் தம்ளரை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது என்பது இந்த வீட்டுச் சட்டம். கிருமி. இருபது நிமிடம் கொதிக்கவைத்து, ஆறவைத்து, வடிகட்டிய தண்ணீர். அதைச் சிங்கில் கொட்ட எனக்கு மனசு வராது. வீணாக்குவதில்லை.

அக்டோபர் 23, புதன்

செடிகளிடம் பேசினால் நன்றாக வளருமாம். ஒன்பது பேருக்கும் காலை வணக்கம் சொன்னேன். கோகுல் பதிலுக்கு வணக்கம் சொன்னார்.

அக்டோபர் 25, வெள்ளி

மண்ணைத் தொட்டேன். ஈரம். ஐந்து நாளாகியும்!

நான் புள்ளியியல் படித்தவள். பதறாமல், இருக்கக்கூடிய காரணங்களை எழுதினேன். ஒன்று, பனி. இரண்டு, மேல்வீட்டு ஏசி. மூன்று, கோகுல்.

வெண்பா: தண்ணீர் ஆறு முறை. மீதியை வீணாக்கவில்லை.

அக்டோபர் 27, ஞாயிறு

மண் ஈரம், அதனால் ஊற்றவில்லை. ஆனாலும் அகிலனின் இலைகள் நாலு உதிர்ந்திருக்கின்றன. அக்காவைத் தேடுகிறான் போலிருக்கிறது. வீடு மாறினால் வெண்பாவும் முதல் வாரம் இப்படித்தான் சாப்பிட மாட்டாள், இளைப்பாள், பிறகு...

மேலே எழுதவில்லை. போய் வெண்பாவுக்கு இன்னொரு ஸ்வெட்டர் போட்டேன்.

அக்டோபர் 31, வியாழன்

தீபாவளி. வெண்பாவின் காதில் பஞ்சு. புகை படாமல் அகிலனை ஒரு துப்பட்டாவால் சுற்றி வைத்தேன். அவனுக்குக் காது இல்லை, தெரியும்.

நவம்பர் 3, ஞாயிறு

ஐயோ.

அகிலனின் அடித்தண்டு கறுத்திருக்கிறது. விரலால் அழுத்தினால் கனிந்த சப்போட்டா மாதிரி அமுங்குகிறது. ஒரு வாடை வேறு. தட்டில் பார்த்தால் இரண்டு விரல்கடை தண்ணீர் தேங்கி நிற்கிறது.

வெண்பா தூங்கியதால் சத்தத்தை அணைத்துவிட்டு ஏழு வீடியோ பார்த்தேன். எல்லாரும் வாயை அசைத்துக்கொண்டே தண்டை வெட்டுகிறார்கள். தண்டழுகலாம். வேர் மூச்சுவிட வழியில்லாமல் எந்நேரமும் ஈரத்தில் நின்றால் பூஞ்சை பிடித்து அடியிலிருந்து மேலே ஏறுமாம். மருந்து தெளித்துக் காப்பாற்றுகிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டது. நல்ல தண்டு வரும் வரைக்கும் வெட்டிக்கொண்டே போக வேண்டும். ஒரு துளி அழுகல் மிச்சமிருந்தாலும் மறுபடி ஏறும்.

நாளைக்கு ஆபரேஷன். தாராபுரத்தில் அக்காவின் அம்மாவுக்குக்கூட நாளைக்குத்தான் ஆபரேஷன். அக்காவிடம் எப்படிச் சொல்வது?

நவம்பர் 4, திங்கள்

கோகுல் பாதி நாள் லீவு போட்டார். காரணம் கேட்டதற்கு "வீட்டுல ஒரு ஆபரேஷன்" என்றாராம். மேனேஜர் பழம் வாங்கிக் கொடுத்தனுப்பியிருக்கிறார்.

கத்தியை வெண்பாவின் பால்பாட்டில் ஸ்டெரிலைசரில் போட்டேன். ஒவ்வொரு வெட்டுக்கும் புதிதாகச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் கத்தியே நோயைப் பரப்பும். ஒரு சுற்றுக்கு எட்டு நிமிடம். வேலை செய்ய வரும் சரோஜாக்கா துடைப்பத்தோடு வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்.

"ஏனுங் கண்ணு, பாப்பாவோட பாட்டில் டப்பாவுல கத்தி வேகுது?"

"அகிலனுக்கு ஆபரேஷன்க்கா."

"யாருங் அது?"

"இந்தச் செடிதான்க்கா."

சரோஜாக்கா கோகுலைப் பார்த்தார். கோகுல் கூரையைப் பார்த்தார்.

முதல் வெட்டு: உள்ளே முழுக்கக் காப்பி நிறம். இரண்டாவது: நடுவில் பழுப்பு வட்டம். மூன்றாவது: வட்டம் சின்னதாகியிருக்கிறது, ஆனால் இருக்கிறது. நாலு, ஐந்து. வாழைத்தண்டு நறுக்குகிற மாதிரி வில்லை வில்லையாகப் போய்க்கொண்டே இருந்தது. ஒவ்வொரு முறையும் கோகுல் மொபைல் டார்ச் அடித்து, "இன்னும் இருக்கு இந்து" என்றார். பெரிய கிளைகள் எல்லாம் போயின. எட்டாவது வெட்டில், உச்சியில் ஒரே ஒரு கிளையில், பச்சை. சுத்தமான, ஈரப் பச்சை. நடுவில் ஒரு புள்ளிகூட இல்லை. நான் அழுதேன். வெண்பாவும் அழுதாள், அவள் பசியால்.

பன்னிரண்டு வயது அகிலனில் மிஞ்சியது நாலு விரல் நீளம்.

வெட்டுவாயில் லவங்கப்பட்டைத் தூள் தடவச் சொல்கிறார்கள், பூஞ்சை அண்டாதாம். சரோஜாக்கா, "மஞ்சத்தூளும் வெச்சு உடுங், புண்ணு சீக்கிரம் ஆறும்" என்றார். இரண்டையும் தடவினேன்.

"இஞ்சி பூண்டு விழுது வேணுமா?" என்றார் கோகுல். அவரிடம் அரை மணி நேரம் பேசவில்லை.

இனி துண்டை மண்ணில் நடக் கூடாது, தண்ணீர் காட்டக் கூடாது. நிழலில், செய்தித்தாள் மேல், வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும் வரை பத்துப் பன்னிரண்டு நாள் சும்மா கிடக்க வேண்டும். நாம் எதுவும் செய்யக் கூடாது.

எதுவுமேவா?

நவம்பர் 5, செவ்வாய்

எதுவும் செய்யவில்லை.

நவம்பர் 6, புதன்

எதுவும் செய்யவில்லை. மிகவும் களைப்பாக இருக்கிறது.

நவம்பர் 7, வியாழன்

அக்கா போன். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாம். "சாயங்காலம் வீடியோல வரேன் கண்ணு. அகிலன அம்மாவுக்குக் காட்டோணும். புதுக் கண்ணுல பாக்கட்டும்."

நாலு விரல் அகிலன், மஞ்சள் பூசி, செய்தித்தாள் மேல் படுத்திருக்கிறான். இவனையா காட்டுவது?

கோகுலை நர்சரிக்கு அனுப்பினேன். அதே உயரத்தில், அதே பருமனில் ஒரு ஜேட் வாங்கி வந்தார். அகிலனின் தொட்டியை உட்பக்கம் மட்டும் கழுவி அதில் இறக்கிவைத்தோம்.

"இது ஆள்மாறாட்டம் இந்து. ஜெயில்ல போடுவாங்க."

"பேசாம போனைப் புடிங்க. கொஞ்சம் தள்ளி நின்னு காட்டுங்க."

அக்கா பார்த்தார். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். "ம்... நல்லா இருக்கறான். தெம்பாத்தான் இருக்கறான்" என்றார். அவருடைய அம்மா ஒற்றைக் கண்ணில் கட்டோடு, "அழகா இருக்குது சாமி" என்றார்.

தப்பித்தோம். பிறகு ஏன் சோறு இறங்கவில்லை என்று தெரியவில்லை.

நவம்பர் 8, வெள்ளி

மீதி எட்டுத் தொட்டியும் இன்னமும் ஈரம்! இத்தனைக்கும் தட்டுகளை எடுத்துவிட்டேன். இப்படியே போனால் எட்டு பேரும் அகிலன் வழியில்தான் போவார்கள். யாரோ தண்ணீர் ஊற்றுகிறார்கள்.

சரோஜாக்காவிடம் நயமாகத்தான் கேட்டேன்.

"என்ற மேலயா கண்ணு சந்தேகம்? செடிக்குத் தண்ணி ஊத்தறது என்ற சம்பளத்துல இல்லீங்களே. நான் எதுக்கு ஊத்தறேன்?"

மறுக்க முடியாத வாதம். கோகுலைக் கேட்டேன்.

"நான் குடிக்கறதுக்கே எந்திரிச்சுப் போய்த் தண்ணி எடுக்கறதில்லன்னு நீதான இந்து சொல்லுவ?"

இதுவும் மறுக்க முடியாதது.

நவம்பர் 9, சனி

பொறி வைத்தேன். ஜன்னல் மேடைக் கல் கறுப்பு. தொட்டிகளைச் சுற்றிக் கோலமாவைச் சலித்துத் தூவினேன். குற்றவாளி கை வைத்தால் தடம் விழும். யாரிடமும் சொல்லவில்லை.

வெண்பா: தண்ணீர் ஆறு முறை. பாதித் தூக்கத்தில்தான் கொடுக்கிறேன், மூன்று ஸ்பூனுக்கு மேல் இறங்குவதில்லை. வீணாக்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

தடம் விழுந்திருக்கிறது!

கை இல்லை. வட்டம். மாவில் அச்சு மாதிரி மூன்று வட்டங்கள். ஏதோ ஒரு பாத்திரத்தின் அடி. ஸ்கேல் வைத்து அளந்தேன்: நாலரை சென்டிமீட்டர்.

கோகுலின் காப்பி டம்ளர் ஆறு. சரோஜாக்காவின் டீ கிளாஸ் ஐந்தரை. சமையலறையில் இருக்கிற எல்லாவற்றையும் அளந்து பட்டியல் போட்டேன். ஊறுகாய் பாட்டில்கூட ஏழு. எதுவும் பொருந்தவில்லை. வெளியாள்தான். தண்ணீர் கேன் போட வருகிறவர்? அவர் எதற்கு டம்ளர் கொண்டுவந்து ஜன்னல் வரைக்கும் வருகிறார்?

பூட்டை மாற்றலாமா என்று கோகுலிடம் கேட்டேன். "திருடன் வந்து தண்ணி ஊத்திட்டுப் போறானா?" என்றார்.

நவம்பர் 11, திங்கள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பத்து நிமிடமாகப் பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

வெண்பாவின் வெள்ளித் தம்ளரைக் கழுவினேன். அடியில் வெள்ளையாக வளையம். சுண்ணாம்பு படிந்திருக்கிறது என்று நகத்தால் சுரண்டினேன். கோலமாவு.

அளந்தேன். நாலரை சென்டிமீட்டர்.

அந்தத் தம்ளரை என்னைத் தவிர யாரும் தொடக் கூடாது.

ஒரு நாளைக்கு ஆறு முறை. வெண்பா துப்பிய மீதியை எடுத்துக்கொண்டு நேரே ஜன்னலுக்குப் போயிருக்கிறேன். ஆளுக்குக் கொஞ்சம் ஊற்றிவிட்டு, தம்ளரை மேடையில் வைத்துவிட்டு, வெண்பாவை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றியிருக்கிறேன். கை தானாகச் செய்திருக்கிறது. குடித்து மிஞ்சிய தண்ணீரைச் செடிக்கு ஊற்றுவது சின்ன வயதுப் பழக்கம். எங்கள் வீட்டில் தண்ணீரைச் சிங்கில் கொட்டினால் அம்மா திட்டுவார். இருபத்துமூன்று நாள், நாளுக்கு ஆறு முறை. கணக்குப் போட்டேன், விடையைப் பார்த்ததும் அடித்துவிட்டேன். முதல் ஆளாக அகிலன்தான் ஓரத்தில் இருந்தான். எப்போதும் அவனுக்குத்தான் முதலில், அதிகமாகவும்.

காய்ச்சி, ஆறவைத்து, வடிகட்டிய தண்ணீர். எவ்வளவு சுத்தமாகக் கொன்றிருக்கிறேன்!

கோகுலிடம் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அடுத்த அறைக்குப் போனார். அங்கிருந்து சிரிக்கிற சத்தம் கேட்டது.

சரோஜாக்காவிடம் மன்னிப்புக் கேட்டேன். "உடுங் கண்ணு. நல்லவேளை, பாலு ஊத்தல" என்றார்.

நவம்பர் 12, செவ்வாய்

எட்டு பேரையும் தொட்டியிலிருந்து எடுத்தேன். இருவருக்கு வேரில் லேசாகக் கறுப்பு. அதை மட்டும் கத்தரித்து, நிழலில் காய வைத்திருக்கிறேன். ஆற்று மணல், உடைத்த செங்கல் பொடி, கொஞ்சம் மக்கிய உரம் கலந்துவைத்தேன். கையில் அள்ளிப் பிடித்தால் உருண்டையாக நிற்கக் கூடாது, உதிர வேண்டும். அதுதான் பக்குவம். தொட்டி ஓட்டைகள் மண் அடைத்திருந்தன, குத்தித் திறந்தேன். இனித் தட்டு கிடையாது. ஒன்றுக்கொன்று ஒட்டாமல் இடைவெளி விட்டு வைக்க வேண்டும், காற்றுப் போக.

வெண்பாவுக்குக் கழுத்தில் வேர்க்குரு. டாக்டர் ஸ்வெட்டர்களை எண்ணினார். "மூணா? கோயம்புத்தூர்லயா? கொழந்தைக்குக் கொஞ்சம் காத்துப் படட்டும்மா."

டாக்டர் அவளைத்தான் சொன்னார்.

நவம்பர் 14, வியாழன்

மீதித் தண்ணீரை நானே குடிக்கிறேன். ஒரு நாளைக்கு ஆறு முறை. எனக்கு எதுவும் அழுகவில்லை.

நவம்பர் 16, சனி

அகிலனின் வெட்டுவாய் காய்ந்து, சொரசொரப்பாகத் தோல் கட்டிவிட்டது. புது மண்ணில் ஒரு விரல்கடை ஆழத்தில் நட்டேன். தண்ணீர் ஊற்றவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து கைகளைக் கட்டிக்கொண்டேன். நிஜமாகவே கட்டிக்கொண்டேன்.

நவம்பர் 23, சனி

நாளைக்கு அக்கா வருகிறார்.

அகிலன் நிற்கிறான். வேர் விட்டானா தெரியாது, இழுத்துப் பார்க்கவும் தைரியம் இல்லை. பொய் அகிலன் பெரிய தொட்டியில் ஜம்மென்று இருக்கிறான். "இப்படியே விட்டுட்டா அவங்களுக்குத் தெரியாது இந்து. இடம் கிடைச்சிரும்" என்றார் கோகுல். கிடைத்துவிடும். பிறகு தினமும் வெண்பாவை அந்த அக்கா கையில் கொடுத்துவிட்டு, அந்த முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டு ஆபீஸ் போக வேண்டும்.

இரண்டு பக்கத்துக்கு வாக்குமூலம் எழுதிவைத்தேன். ஒரு வரைபடமும் இணைத்திருக்கிறேன்.

நவம்பர் 24, ஞாயிறு

அக்கா வந்தார், கையில் ஒரு தூக்கு முறுக்கோடு. நான் வணக்கம்கூடச் சொல்லாமல் வாக்குமூலத்தை நீட்டினேன்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதென்ன கண்ணு, ஈசிஜியா?"

"அகிலன் மண்ணோட ஈரம்க்கா. அவனுக்குத் தண்டழுகல் வந்துருச்சு. எட்டு வெட்டு வெட்டிட்டேன். இவ்வளவுதான் மிச்சம். வீடியோல காமிச்சது வேற செடி."

"தெரியுமே."

"என்னங்க்கா?"

"அகிலன் என்ற வீட்டுல இருந்தப்ப, மொதப் பல்லு மொளைச்ச ஜோருல அந்தத் தண்டக் கடிச்சுப்போட்டான். ரெண்டு பல்லுத் தழும்பு இருக்கும். நீ காமிச்சவனுக்கு மூஞ்சி மொழுமொழுன்னு இருந்துச்சு."

"அப்பவே ஏனுங்க்கா கேக்கல?"

"நீயா சொல்றயான்னு பாக்கோணும்ல?" அக்கா முறுக்கை உடைத்து வாயில் போட்டுக்கொண்டார். "செடி அழுகறதெல்லாம் ஒரு விசயமா அம்மிணி? நான் எத்தனைய அழுக உட்டிருப்பேன். ஆனா பாரு, உன்ற புள்ளை என்ற வீட்டுல கீழ விழுந்தா நான் உன்கிட்ட மறைக்கக் கூடாது. அவளுக்கு ராத்திரி காய்ச்சல்னா நீ மாத்திரையக் குடுத்துட்டு, ஒன்னுமில்லீங்க்கான்னு கொண்டாந்து உடக் கூடாது. அப்புடிச் செய்யற அம்மாவ நான் சேத்தறதில்ல."

நான் தலையை ஆட்டினேன்.

"அது கெடக்கட்டும். தண்ணி ஊத்துன களவாணி யாருன்னு எழுதலியே?"

"ரெண்டாம் பக்கத்துலங்க்கா."

படித்தார். கோலமாவு வரைக்கும் ஒழுங்காகப் படித்தார். வெள்ளித் தம்ளர் வந்ததும் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். முறுக்கு புரை ஏறி, சிரித்து, இருமி, கண்ணில் தண்ணீர். நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பாதி குடித்துவிட்டு டம்ளரைத் திருப்பித் தந்தார். நாங்கள் இருவரும் அந்த மீதித் தண்ணீரைப் பார்த்தோம். அக்கா மறுபடி சிரிக்க ஆரம்பித்தார்.

போகும்போது பொய் அகிலனின் தொட்டியைத் திருப்பி, பழைய பெயரை எச்சில் தொட்டு அழித்தார். மார்க்கரால் எழுதினார்: வெண்பா.

"ரெண்டாந்தேதி கொண்டாந்து உடு. ஸ்வெட்டர் ஒன்னு போதும். ஒரு நாளைக்கு ரெண்டு போனுதான். மூணாவது அடிச்சா எடுக்க மாட்டேன்."

டிசம்பர் 1, ஞாயிறு

அகிலனை மெல்ல அசைத்துப் பார்த்தேன். அசையவில்லை. மண்ணைக் கொஞ்சம் விலக்கினால், இளஞ்சிவப்பாக, வெண்பாவின் தலைமுடி மாதிரி ஒரு வேர். திரும்ப மூடிவிட்டுக் கீழே அக்காவிடம் ஓடினேன். அவர், "மூடிட்டயல்ல? இனி நோண்டாத" என்றார்.

டிசம்பர் 2, திங்கள்

வெண்பா அழவில்லை. அக்காவின் இடுப்பில் உட்கார்ந்து அவர் தாலிக்கொடியைக் கடித்துக்கொண்டிருந்தாள். அழுதது நான், படிக்கட்டு வரைக்கும்.

முதல் போன் 9.12. இரண்டாவது 9.40. அதற்கு மேல் ஒரு நாள் முழுவதும் பாக்கி இருந்தது.

பதினொரு மணிக்குத் தண்ணீர் எடுத்துக் குடித்தேன். பாதி மிஞ்சியது. கான்டீன் வாசலில் ஒரு தொட்டி, அதிலும் ஒரு ஜேட். கால் தானாகப் போய் நின்றுவிட்டது. கை சாய்கிற நேரத்தில் விழித்துக்கொண்டு, குனிந்து மண்ணைத் தொட்டுப் பார்த்தேன்.

சொதசொதவென்று ஈரம். இங்கேயும் யாரோ ஒருத்தி இருக்கிறாள்.

மீதியை நானே குடித்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு சீட்டுக்குத் திரும்பினேன்.